கிணற்று டீச்சரின் பதினான்கு பேர்

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாற்பத்தெட்டு வயதாகி, பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்தில் திட்டப் பிரிவுக் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருப்பவளை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று அண்ணி சண்டைக்கு வருகிறாள். உறையின் மேல் மரியாதையாகத்தானே முகவரி எழுதுகிறேன், உள்ளே நான் வைத்த பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலது காது ஓய்வு பெற்றுவிட்டது. இடது காது பகுதி நேர வேலை பார்க்கிறது. போனில் நீ கத்தினால் உன் தெருவுக்கே கேட்கும், எனக்குக் கேட்காது. டாக்டர் கொடுத்த கருவியை வகுப்புக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறேன், பேட்டரி மிச்சம். ஆகவே நமக்குத் தபால்தான்.

நிலவியல் துறையில் இப்போது நானும் கிணற்று டீச்சரும் இரண்டே பேர். என்னைக் கல்லு வாத்தியார் என்று கூப்பிடும் அதே மாணவர்கள் வைத்த பெயர்தான் அதுவும். நிலத்தடி நீர்ப் பட்டயப் படிப்பு முழுவதும் அவள் தலையில். சனிக்கிழமை தோறும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போகிறாள். அளவு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தடவி உள்ளே இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுகிறார்கள். ஏழு வருஷமாகத் தற்காலிகம். போன வருஷம் வேறொரு கல்லூரியில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டார்கள். "போகாதம்மா, இங்கயே நிரந்தரமாக்கிடலாம். என் தங்கச்சி ஹெட் ஆபீஸ்லதான் இருக்கா" என்று ஜம்பமாகச் சொல்லி நிறுத்தி வைத்தேன். இருந்துவிட்டாள்.

உங்கள் அலுவலகத்திலிருந்து நாலு பக்கப் படிவம் ஒன்று வந்தது. எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், எத்தனை நாற்காலி என்று. இரண்டு வகுப்புக்கு நடுவில் நிரப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். அரசு மானியத்தில் வெட்டு, துறைகளை மூடப் போகிறார்கள் என்று டீக்கடை வரை பேச்சாக இருக்கிறது. சொல்லக்கூடியதைச் சொல், சொல்லக்கூடாததைச் சொல்லாதே.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்


ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னால், துணி காயப்போட மட்டும் ஏறலாம் என்று அர்த்தமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இங்கே எல்லாவற்றிலும் சிக்கனம். இரண்டு லிஃப்டில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். நடைபாதை விளக்குகளில் ஒன்று விட்டு ஒன்று எரிகிறது. காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சடிக்கச் சொல்லி உத்தரவு, அந்த உத்தரவு மட்டும் ஒரு பக்கத்தில் அச்சாகி வந்தது. எங்கள் பிரிவில் ஆறு பேர் இருக்கிறோம், நாலு போதுமாம். யார் அந்த இரண்டு பேர் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்கிறோம்.

துறைகளைப் பற்றி ஒரு பட்டியல் தயாராகிறது என்பது உண்மைதான். வந்த எண்களைக் கூட்டிக் கழித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. முடிவெடுப்பதெல்லாம் மேலே. நீங்கள் வீணாகக் கவலைப்படாதீர்கள்.

கருவியை வீட்டிலும் மாட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியை மிச்சம் பிடித்து அண்ணியிடம் திட்டு வாங்குவது என்ன லாபம்?

உங்கள் தங்கை


ஜூலை 18

அன்புள்ள வாலுக்கு,

நலம். அண்ணி இப்போது கொடியைக் கீழேயே கட்டிவிட்டாள், உன் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு என் பேச்சுக்கு இல்லை.

வந்துவிட்டது. நிலவியல் துறையில் மாணவர் எண்ணிக்கை ஒன்பது, குறைந்தபட்சம் பதினைந்து வேண்டும், ஆகவே துறையை ஏன் மூடக்கூடாது என்று விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. ஒன்பதாம்! பட்டயப் படிப்புப் பதினான்கு பேர் எங்கே போனார்கள்? ஆவியாகிவிட்டார்களா?

எங்கே போனார்கள் என்று எனக்கே தெரியும், உனக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்துச் சுற்றுச்சூழல் துறைத் தலைவர் ஆள் போதவில்லை, துறை போய்விடும் என்று கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "இந்த ஒரு வருஷம் மட்டும் உங்க பதினாலு பேரை எங்க பேர்ல காட்டிக்கறேன் சார்" என்றார். இரண்டு துறையும் சேர்ந்து நடத்தும் படிப்பு, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பதியலாம் என்பதால் ஒரு டீயோடு சரி என்றேன். ஒரு வருஷம் மூன்று வருஷமானது. அப்போதே உனக்கு எழுதினேன். "அண்ணா, நீங்கள் சரியான ஏமாந்த சோணகிரி" என்று பதில் போட்டாய்.

பதினான்கு பேரும் என் ஆய்வகத்தில்தான் உட்காருகிறார்கள், கிணற்று டீச்சர்தான் பாடம் எடுக்கிறாள். காகிதத்தில் மட்டும் அவளுக்கு ஒரு மாணவன்கூட இல்லை. இந்தப் பட்டியலைப் போட்ட புண்ணியவான் யார் என்று விசாரித்துச் சொல். ஆளை ஒன்றும் செய்ய மாட்டேன், எங்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து தலைகளை எண்ணிப் பார்க்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

டீச்சர் பயந்துபோயிருக்கிறாள். அவள் வேலைக்கு நான் பொறுப்பு. சீக்கிரம் எழுது.

அண்ணன்


ஜூலை 26

(அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்தது)

அண்ணா,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். அந்தப் புண்ணியவான் நான்தான்.

ஜூன் பதினாறாம் தேதி இயக்குநர் எங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இந்தத் துறைகள்ல யாருக்காவது சொந்தக்காரங்க இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் போட்டுக்கலாம்" என்றார். உங்கள் வளாகம் என் பங்கில் இருந்தது. ஆறில் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள் என்று அன்று காலையில்தான் காதில் விழுந்திருந்தது. கையிலிருக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவளைத்தானே முதலில் அனுப்புவார்கள்? நான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் இருமினார். இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு உங்கள் படிவம் கைக்கு வந்தது. ஒன்பது என்றிருந்தது. அடியில் ஒரே ஒரு வரிக் குறிப்பு போட்டிருந்தால் போதும், இன்னும் பதினான்கு பேர் வேறு துறையின் பெயரில் இருக்கிறார்கள் என்று. கணிதத் துறைக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதினேன். வேதியியலுக்கு இரண்டு. உங்களுக்கு எழுதவில்லை. உங்கள் படிவத்தில் அந்தச் சங்கதியே இல்லை, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என் அண்ணன் சொன்னார் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்பார்கள்.

அண்ணன் என்பதற்காகச் சலுகை காட்டக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஒன்பதை அப்படியே ஏற்றினேன். அது பொய். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

நாளைக்கு இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

வாலு


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும், அலுவலகத்தில் தலை நிமிர நேரமில்லை.

பட்டியலைப் போட்டது பிரிவு முழுவதும் சேர்ந்துதான். ஒருவரைக் குறிப்பாகச் சொல்ல முடியாது. நீங்கள் உடனே மேல்முறையீடு எழுதுங்கள். சுற்றுச்சூழல் துறைத் தலைவரிடம், அந்தப் பதினான்கு பேருக்கும் பாடம் நடப்பது உங்கள் துறையில்தான் என்று எழுதி வாங்கி இணையுங்கள். அவர் கையெழுத்து முக்கியம். செப்டம்பர் பத்துக்குள் வந்தாக வேண்டும்.

இத்துடன் உங்கள் கருவிக்கு ஒரு டஜன் பேட்டரி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 29

அன்புள்ள வாலுக்கு,

நலம். பேட்டரி கிடைத்தது. எதற்கு ஒரு டஜன்? இவ்வளவும் கேட்டுத் தீர்க்க ஊரில் என்ன நல்ல செய்தி இருக்கிறது?

பக்கத்துத் தலைவரிடம் போனேன். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், மின்விசிறியைக்கூட என் பக்கம் திருப்பினார். கையெழுத்து என்றதும் குரல் இறங்கிவிட்டது. கருவி மாட்டியிருந்ததால் எல்லாம் கேட்டது.

"சார், நான் கையெழுத்துப் போட்டா என் கணக்குல பதினாலு குறையும். எனக்குக் கீழ மூணு பேர் இருக்காங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"அன்னைக்கு என் வீட்டுக்கு வந்து கேட்டப்ப நான் யோசிச்சேனா?"

"அதான் சார் எனக்கும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். தூங்காமலிருப்பதற்குப் பதில் ஒரு கையெழுத்துப் போடலாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கிணற்று டீச்சர் மூன்று வருஷ வருகைப் பதிவேட்டையும் பக்கம் பக்கமாக நகல் எடுத்து இணைத்திருக்கிறாள். எந்தச் சனிக்கிழமை எந்தக் கிணறு, யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் இருக்கிறது. உறையை ஒட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க தங்கச்சி அங்க இருக்காங்களே சார், இது குப்பைக்குப் போகாது" என்றாள். அந்த நம்பிக்கையில்தான் அனுப்புகிறேன். சரியான கையில் சேர்த்துவிடு. உனக்குத் தெரிந்ததை நாலு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பக்கத்து ஆளின் கையெழுத்தே தேவைப்படாது.

அண்ணி விசாரித்தாள். உன் குரலைக் கேட்டு நாளாகிவிட்டதாம், அவளோடாவது போனில் பேசு.

அண்ணன்


செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியிடம் பேச வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், ஏதாவது வந்துவிடுகிறது.

மேல்முறையீடு கூட்டத்துக்கு வந்தது. குறிப்பெடுக்க நானும் இருந்தேன். வருகைப் பதிவேடு துறை தானே எழுதிக்கொள்வது, மற்றத் துறையின் ஒப்புதல் இல்லாமல் அதைச் சான்றாக ஏற்க முடியாது என்று முடிவானது. ஆனாலும் முப்பது வருஷத் துறை என்பதால் மூட வேண்டாம், ஒரே ஒரு ஆசிரியரோடு நடக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் எது போகும் என்பதைத் துறைத் தலைவரே எழுதி அனுப்ப வேண்டுமாம். கடிதம் தனியே வரும்.

துறை தப்பியதே என்று நினைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை


அக்டோபர் 17

வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அவள் பெயரை. என் கையால், என் பேனாவால்.

வழிகாட்டிக் குறிப்பு ஒன்று கூடவே வந்தது. யார் பெயரில் மாணவர் குறைவோ அந்த இடம் போக வேண்டும் என்று. எனக்கு ஒன்பது, அவளுக்குப் பூஜ்யம். விதிப்படிதான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. நான் போகிறேன் என்று எழுதியிருக்கலாம். அண்ணியின் முழங்கால் அறுவைக்குப் பல்கலைக்கழக மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் எழுதும்போது என் மனசில் இருந்தது முழங்கால் இல்லை. வேலையில்லாமல் வீட்டில் காது கேட்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துத்தான் பயந்தேன்.

அவளிடம் நேரில் சொன்னேன். ஆய்வகத்தில் கல் தட்டுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரைத்தாம்மா எழுத வேண்டியதாப் போச்சு."

"தெரியும் சார். பூஜ்யம்னு இருந்துதே."

"அது பூஜ்யம் இல்லேன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன சார் பண்றது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அளவு நாடாவை எடுத்து, துடைத்து, முழுவதும் சுற்றி அலமாரியில் வைத்தாள். சாவியை என் மேஜை மேல் வைத்தாள். "சனிக்கிழமை எட்டாவது கிணத்துக்குப் போகணும் சார், பசங்களை அனுப்பி அளவு எடுத்திடுங்க, விட்டுப்போனா மூணு வருஷக் கணக்கும் வீணாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் மாட்டவேயில்லை.

போன வருஷம் அவளைப் போகவிட்டிருக்கலாம் வாலு. இருக்கச் சொன்னதும் நான்தான், போகச் சொன்னதும் நான்தான்.

அண்ணன்


அக்டோபர் 30

அண்ணாவுக்கு,

இத்துடன் ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். தேதியைப் பாருங்கள். ஜூலையிலேயே எழுதிவிட்டேன், அனுப்பத் தைரியமில்லை. மூன்று மாதமாக அலுவலகத்தில் அந்த இழுப்பறையைத் திறக்காமல் பென்சிலைக்கூட அடுத்த மேஜையிலிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் கூட்டத்தில் உங்கள் டீச்சரின் பதிவேடு என் கண் முன்னாலேயே இருந்தது. "இதை யாராவது உறுதிப்படுத்த முடியுமா?" என்று கேட்டார்கள். நான் அந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுதினேன். பதில் வரவில்லை என்பதையும் எழுதினேன்.

நீங்கள் சுமப்பது என்னுடையது. முதலில் செய்தவள் நான். நீங்கள் என்ன எழுதினாலும் சரி, எழுதாமலிருக்க வேண்டாம்.

வாலு


நவம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. அண்ணிக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார்மா, தினமும் பேப்பரும் பேனாவுமா உக்கார்றார், கிழிச்சுப் போட்டுட்டு எழுந்து போறார். உங்களுக்குள்ள என்ன?" என்று கேட்டார். முழங்காலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ஜூன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அந்த வளாகத்தை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு உங்களுக்கு இன்னொண்ணு கொடுத்திருப்பேன், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதானாம் அண்ணா. அந்த 'அவ்வளவுதானே'வை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் வாங்கினார்கள். தேர்வுப் பிரிவில் பழைய விடைத்தாள் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். உத்தரவு உத்தரவுதான், பாதிக்கப்பட்டவர் தாமாக மனுப் போட்டால் மட்டுமே மறுபடி எடுக்க முடியும் என்கிறார்கள். அந்த மனுவுக்கு வேண்டியதை நான் எழுதித் தர வேண்டும். டீச்சரின் முகவரி என்னிடம் இல்லை.

திட்டுங்கள் அண்ணா. திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


டிசம்பர் 15

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணி நலம். நான் அப்படியே இருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் உன்மேல் எனக்கு அடங்காத கோபம். உன் கல்யாணத்தில் நான் கொடுத்த ஆசீர்வாதத்தைத் தவிர எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தேன். ஒன்பது கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தை இப்போது சொல்கிறேன்.

உங்கள் நாலு பக்கப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. 'வேறு விளக்கம் ஏதேனும் இருப்பின்' என்று போட்டு ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் நிரப்பும்போது கிணற்று டீச்சர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், நம்ம பதினாலு பேரைப் பத்தி இதுல எழுதிடலாமா?"

"எதுக்கும்மா? என் தங்கச்சி அங்கதான் இருக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும், அவ பாத்துக்குவா."

இப்படிச் சொல்லிக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். எழுதினால் மூன்று வருஷம் தப்பான எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான் என்று காகிதத்தில் ஏறும். ஓய்வு பெறும் நேரத்தில் அது எதற்கு என்று இருந்தது. நீ யாரிடமாவது வாய்மொழியாகச் சொல்லிச் சரி செய்துவிடுவாய், என் கை அழுக்காகாது என்று கணக்குப் போட்டேன். நான் உன் அண்ணன் என்பதால் நீ அந்த வரியை எழுதவில்லை. நீ என் தங்கை என்பதால் நானும் எழுதவில்லை. நமக்குள் இவ்வளவு பாசம் இல்லாமலிருந்திருந்தால் அவள் வேலை பிழைத்திருக்கும்.

ஓய்வுக்கு மனுப் போட்டுப் பார்த்தேன். நான் போனால் என் இடமும் நிரப்பப்படாது, அப்படியே போய்விடும் என்று பதில் வந்தது. ஆக இந்தத் தியாகமும் யாருக்கும் உதவாது. காலம் கடந்து செய்வதற்கு இதுதான் மரியாதை.

போன வாரம் அவளைப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் பம்பு விற்கும் கடையில் பில் எழுதுகிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பார்த்துவிட்டு எழுந்து வந்து, "வாங்க சார்" என்று தன் நாற்காலியை எனக்குப் போட்டாள். எட்டாவது கிணற்றில் அளவு எடுத்தார்களா என்று கேட்டாள். எடுக்கவில்லை வாலு. பதினான்கு பேரையும் பக்கத்துத் துறையில் உட்கார வைத்து யாரோ புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறார்கள். "எடுத்தாங்கம்மா" என்று பொய் சொன்னேன். தேவையே இல்லாத இரண்டு வாஷரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் முகவரி கீழே. நீ எழுது, உன் எழுத்து தெளிவாக இருக்கும். என் பெயரையும் என் படிவத்தையும் சேர்த்து எழுது. பூசி மெழுகாதே. வரும் ஞாயிறு புறப்பட்டு வா, இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவோம். அண்ணியிடம் நானே சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இந்த முறை அது என் காதினால் இல்லை.

அண்ணன்


டிசம்பர் 21

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

என்னை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் கல்லு வாத்தியாரின் தங்கை. 'உங்க தங்கச்சி அங்க இருக்காங்களே' என்று நீங்கள் நம்பியது என்னைத்தான். இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன், அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

நலமா என்று கேட்டுத்தான் எங்கள் வீட்டில் கடிதம் தொடங்குவோம். உங்களிடம் அதைக் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

உங்கள் இடம் போனது விதியாலோ பண நெருக்கடியாலோ மட்டும் இல்லை. நெருக்கடி இருந்தது, ஆனால் உங்கள் துறை அதற்குத் தப்பியிருக்கும். படிவத்தில் எழுத வேண்டியதை அண்ணன் எழுதவில்லை. பட்டியலில் எழுத வேண்டியதை நான் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் எங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். என்ன நடந்தது என்று தேதி வாரியாகத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறோம். மார்ச் இறுதிக்குள் நீங்கள் மனுப் போட்டால் அதை எடுத்தே ஆக வேண்டும். இந்தத் தாளால் எங்கள் இருவர் வேலைக்கும் என்ன ஆனாலும் சரி, அதைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

எட்டாவது கிணற்றில் அக்டோபரிலிருந்து அளவு எடுக்கவில்லை. கடையில் அண்ணன் சொன்னது பொய். நேற்றுக் காலை நாங்கள் இருவரும் போய் எடுத்தோம். அண்ணன் சாக்பீஸைத் தடவி நாடாவை இறக்கினார், நான் படித்து எழுதினேன். விட்டுப்போன வாரங்களுக்கு நேராகக் கோடு மட்டும் போட்டிருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டு உங்களுக்கு இன்னொரு வேலை வைக்க விரும்பவில்லை. ஜூன் மாதம் பட்டியலின் அடியில் வந்திருக்க வேண்டிய குறிப்பை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

குறிப்பு: நிலத்தடி நீர்ப் பட்டயப் படிப்பில் பதினான்கு மாணவர்கள் படிக்கிறார்கள். பாடம் நடத்துபவர் இந்த டீச்சர்.

இப்படிக்கு,
கல்லு வாத்தியார்
அவர் தங்கை